கொல்லைப்புறத்தைக் குற்றம் சொல்லாதீர்கள்

மாத்திரை அட்டையின் பின்பக்கம் ஓரமாக ஒரு சிவப்புக் கோடு ஓடும். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதே என்று அதற்கு அர்த்தம். 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் அந்தக் கோட்டுக்காகவே ஒரு பிரச்சாரம் நடத்தியது. அதற்கு முன்னால், 2014 மார்ச்சிலிருந்தே, 24 ஆன்டிபயாடிக்குகள் ஹெச்1 அட்டவணைக்குள் வந்துவிட்டன. யாருக்கு விற்றோம் என்று மெடிக்கல்காரர் தனி நோட்டுப் போட்டு எழுதிவைக்க வேண்டும். போதாதற்கு ஒவ்வொரு நவம்பரிலும் 18 முதல் 24 வரை விழிப்புணர்வு வாரம். கல்லூரிகளில் ஓவியப் போட்டி வைக்கிறார்கள். கோரைப்பல் முளைத்த ஒரு பாக்டீரியா, சூப்பர்மேன் மாதிரி முதுகில் துணி பறக்கும் ஒரு மாத்திரை, நடுவில் லுங்கி கட்டிய ஒரு ஆள் மெடிக்கலில் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். அவர்தான் குற்றவாளி.

சமீப வருடங்களில் அவருக்குத் துணையாக இன்னும் இரண்டு பேரைச் சேர்த்திருக்கிறார்கள். தன் மாட்டுக்குத் தானே ஊசி போடும் விவசாயி ஒருவர். கோழிக்கு காப்ஸ்யூலைப் பிரித்துத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் ஆயா ஒருத்தி. மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று சொல்லும் ‘ஒன் ஹெல்த்’ கருத்து சுவரொட்டியில் இறங்கும்போது இப்படித்தான் ஆகிறது. மூன்று வட்டம், மூன்று அம்புக்குறி, மூன்று ஏழைகள்.

எனக்கு இந்தப் படங்களோடு ஒரு சண்டை இருக்கிறது. மருந்துக்கு மசியாத கிருமி என்பது பொய் என்று நான் சொல்லவரவில்லை. 2019இல் மட்டும் உலகம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் சாவுகளுக்கு அது நேரடிக் காரணம் என்பது ‘லான்செட்’டில் வந்த கணக்கு. சளிக்கும் காய்ச்சலுக்கும் அசித்ரோமைசின் வாங்கிப் போடுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. என் சண்டை, அந்தப் படம் சொல்லும் கதையோடு. அறியாமை, அதனால் தவறு, தவறுக்குத் தண்டனையாக நோய், தீர்வாக ‘விழிப்புணர்வு’. கேட்க நீதிக்கதை மாதிரி கச்சிதமாக இருக்கிறது. ஆனால் கிருமி அப்படிப் பரவுவதில்லை.

இந்த நீதிக்கதைக்கு வயது எண்பது. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945இல் நோபல் உரையாற்றும்போது ஒரு கற்பனைக் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். கணவனுக்குத் தொண்டைவலி. கடையில் பெனிசிலின் வாங்கிக் கொஞ்சமாகப் போட்டுக்கொள்கிறான். கிருமி சாகாமல் பாடம் கற்றுக்கொள்கிறது. அது மனைவிக்குத் தொற்றி, அவளுக்கு நிமோனியா வந்து, பெனிசிலின் வேலை செய்யாமல் இறந்துபோகிறாள். யார் காரணம்? அந்த ஆள்தான் என்று முடிகிறது கதை. ஒரு எச்சரிக்கையாக அன்று அது பெரிய தீர்க்கதரிசனம்தான், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் அந்த வீட்டில் தண்ணீர் எங்கிருந்து வந்தது, கழிவு எங்கே போனது, கொல்லையில் கோழி இருந்ததா என்றெல்லாம் கதையில் இல்லை. கதவைச் சாத்திய ஒரு வீட்டுக்குள் ஒரு தவறு, ஒரு சாவு. நாம் இன்னும் அந்தக் கதவைத் திறக்கவில்லை. ‘எழுதிக்கொடுத்த நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் கிருமி மசியாது’ என்ற சூத்திரத்துக்கேகூட போதிய ஆதாரம் இல்லை என்று 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மருத்துவர்களே எழுதினார்கள். காசநோய்க்கு முழுக் கோர்ஸ் கட்டாயம் வேண்டும். எல்லா நோய்க்கும் அதே கணக்கு இல்லை என்பது அவர்கள் வாதம். (உங்கள் டாக்டர் சொன்னதை விட்டுவிட்டு என்னைக் கேட்காதீர்கள்.) போஸ்டரில் மட்டும் அந்த வரி மாறவே இல்லை.

நடுவில் ஒரு மொழிச் சிக்கல். நம் செய்தித்தாள்கள் இதை ‘ஆன்டிபயாடிக் எதிர்ப்புச் சக்தி’ என்று எழுதுகின்றன. நோய் எதிர்ப்புச் சக்தி என்ற சொல் ஏற்கெனவே நம் வாயில் ஊறிப்போனது. அதனால் படிக்கிறவருக்கு, மருந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு உடம்பு மரத்துப்போய்விடும் போலிருக்கிறது என்றுதான் புரிகிறது. நான் கேட்ட பத்துப் பேரில் எட்டுப் பேர் அப்படித்தான் சொன்னார்கள், பட்டதாரிகள் உட்பட. மாறுவது உடம்பு இல்லை, கிருமி. ‘நான்தான் ஆன்டிபயாடிக்கே தொட்டதில்லையே, எனக்கென்ன?’ என்று கேட்கிறவர்கள் இந்தக் குழப்பத்திலிருந்துதான் கேட்கிறார்கள். உங்கள் வயிற்றில் இருக்கும் ஈ.கோலைக்கு உங்கள் ஒழுக்கம் தெரியாது. அது வேறு யாரோ சாப்பிட்ட மருந்திடம் பாடம் படித்துவிட்டு வந்து குடியேறியிருக்கலாம். அந்த வேறு யாரோ ஒரு கோழியாகவும் இருக்கலாம்.

கோழிகிட்ட இருந்து மனுஷனுக்கா என்று கேட்பீர்கள். 1970களில் ஸ்டூவர்ட் லெவி என்ற அமெரிக்க மருத்துவர் இதே கேள்வியைக் கேட்டு, மாசசூசெட்ஸில் ஒரு பண்ணை வீட்டில் சோதித்துப் பார்த்தார். கோழிகளில் ஒரு பகுதிக்குச் சாதாரணத் தீவனம், இன்னொரு பகுதிக்கு டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனம். ஒரே வாரத்தில், மருந்துத் தீவனம் தின்ற கோழிகளின் குடலில் இருந்த கிருமிகள் ஏறக்குறைய மொத்தமும் அந்த மருந்துக்கு மசியாதவையாக மாறின. அடுத்தது அந்த வீட்டு மனிதர்கள். அவர்களில் யாரும் அந்த மருந்தைச் சாப்பிடவில்லை. ஐந்தாறு மாதம் போனபோது, பண்ணையில் இருந்தவர்களிடம் வாராவாரம் எடுத்த மல மாதிரிகளில் 31.3 சதவீதத்தில், பத்தில் எட்டுக்கு மேற்பட்ட கிருமிகள் மருந்துக்கு மசியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அது 6.8 சதவீதம்தான். இன்னொன்றையும் லெவி கண்டார். தீவனத்தில் கலந்தது ஒரே ஒரு மருந்து. ஆனால் அந்தக் கிருமிகள் வேறு பல மருந்துகளையும் சமாளிக்கக் கற்றிருந்தன. 1976இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இது வெளியானது.

ஒரு மருந்தைக் கொடுத்தால் எப்படிப் பல மருந்துக்குத் தப்பிக்கும்? பாக்டீரியாவின் உடம்புக்குள் பிளாஸ்மிட் என்று ஒரு குட்டி டிஎன்ஏ வளையம் உண்டு. ஒரு கிருமி அதைப் பக்கத்துக் கிருமிக்குக் கொடுக்கும். பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தில் குழம்பு கொடுத்தனுப்புவது மாதிரிதான், ஆனால் கொடுத்த வீட்டுச் சட்டியிலும் குழம்பு குறையாது. ஒரே வளையத்தில் நாலைந்து மருந்துகளைச் சமாளிக்கும் மரபணுக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒன்றுக்காக வாங்கினால் மற்றதும் சேர்ந்தே வந்துவிடும். வாங்குகிற கிருமி அதே இனமாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. சாதி பார்க்காத கொடுக்கல்வாங்கல் என்று எழுத ஆசையாக இருக்கிறது, வேண்டாம்.

லெவியின் ஆய்வை எடுத்துக்காட்டி, ‘பார்த்தீர்களா, வீட்டில் கோழி வளர்ப்பதே ஆபத்து’ என்று சொல்கிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். நான் வாசிப்பது வேறு. மருந்தைத் தீவனத்தில் கலந்தது அந்த வீட்டு ஆட்கள் கண்டுபிடித்த வித்தையா? இல்லை. அது ஒரு தொழில்துறையின் வழக்கம். 1940களின் கடைசியில் லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியின் ஆய்வாளர்கள் ஜூக்ஸும் ஸ்டோக்ஸ்டாடும், ஆரியோமைசின் தயாரித்த பிறகு மிஞ்சிய சக்கையைக் கோழிக்குஞ்சுகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். அதிலிருக்கும் வைட்டமின் பி12க்காகப் போட்டது; குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாக வளர்ந்தன. நோயே இல்லாத பிராணிக்கு, எடை கூடுவதற்காக, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆன்டிபயாடிக் கொடுக்கும் பழக்கம் அங்கே தொடங்கியது. ஃப்ளெமிங் ‘கொஞ்சமாகப் போடாதே’ என்று ஒரு கற்பனைக் கணவனைக் கண்டித்து ஐந்தாறு வருடம்கூட ஆகவில்லை. இங்கே மூட்டை மூட்டையாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார்கள். அவர்களைக் கண்டித்து யாரும் நீதிக்கதை சொன்ன மாதிரி தெரியவில்லை.

இப்போது நம் கொல்லைப்புறத்துக்கு வருவோம். அந்த ஆயா ஏன் கோழிக்கு காப்ஸ்யூல் கொடுக்கிறார்?

வெயில் ஏறும் மாதங்களில் வெள்ளைக் கழிச்சல் வரும். ராணிக்கெட் நோய் என்று புத்தகத்தில் இருக்கும். காலையில் தலை தொங்கும், சாயங்காலத்துக்குள் கூண்டே காலி. இது வைரஸ். டெட்ராசைக்ளின் அதன் ஒரு முடியையும் புடுங்காது. இதற்குத் தடுப்பூசி இருக்கிறது, மலிவானது, நன்றாக வேலை செய்வது. அப்புறம் ஏன் காப்ஸ்யூல்? தடுப்பூசி மருந்து நூறு, இருநூறு கோழிக்கான குப்பியில் வருகிறது. குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஆயாவிடம் இருப்பது ஆறு கோழியும் ஒரு சேவலும். காப்ஸ்யூலோ மெடிக்கலில் ஒன்றே ஒன்று கேட்டாலும் கத்தரித்துக் கொடுப்பார்கள். அறிவு இருப்பதும் இல்லாததும் அப்புறம்; ஒன்று சில்லறையாகக் கிடைக்கிறது, இன்னொன்று மொத்தமாக மட்டும் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் கால்நடைத் துறை வருடா வருடம், பெரும்பாலும் பிப்ரவரியில், புறக்கடைக் கோழிகளுக்கு இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. இந்தப் பிரச்சினையில் நம் அரசு செய்கிற உருப்படியான வேலைகளில் அது ஒன்று என்பேன். அதற்கு ‘ஆன்டிபயாடிக் தடுப்பு நடவடிக்கை’ என்று யாரும் பெயர் வைப்பதில்லை. முகாம் முடிந்து பங்குனியில் பொரிக்கும் குஞ்சுக்கு என்ன வழி என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு போஸ்டரில் இடமில்லை.

2011இலிருந்து இந்த மாநிலம் ஏழைப் பெண்களுக்கு ஆடும் கறவை மாடும் விலையில்லாமல் கொடுத்தது. பிறகு கோழிக்குஞ்சும் கொடுத்தது. நல்ல திட்டங்கள். ஆனால் ஆடு கொடுத்த கை ஆட்டு டாக்டரையும் அதே கணக்கில் கொடுத்ததா? 1962க்கு போன் போட்டால் நடமாடும் கால்நடை ஊர்தி வரும் என்கிறார்கள், வரவும் செய்கிறது. ஆனால் விடிகாலை ஐந்து மணிக்கு மடி கல்லாகி நிற்கும் மாட்டுக்கு யார் வருவார்? பைக்கில் ஊசிப் பையோடு சுற்றும் ஆள் வருவார். அவர் கையில் என்ன இருக்கிறதோ அதைப் போடுவார். அவரைத் திட்டிக் கட்டுரை எழுதுவது சுலபம்.

சரி, கொல்லையில் கோழியும் ஆடும் மனிதரும் நெருங்கி வாழ்கிற வீடுகளில் கிருமிகள் உண்மையில் எப்படிப் போய்வருகின்றன? கென்யாவின் நைரோபியில் ‘அர்பன்ஸூ’ என்ற திட்டத்தின் கீழ் இதை நிதானமாகப் பார்த்தார்கள். நகரத்துக்குள்ளேயே ஆடுமாடு, கோழி வைத்திருக்கும் குடும்பங்கள் உட்பட 99 வீடுகள். மனிதர், வளர்ப்புப் பிராணி, வீட்டைச் சுற்றித் திரியும் காட்டுயிர் எல்லாவற்றிலிருந்தும் எடுத்த 1,338 ஈ.கோலைகளின் மரபணுத் தொகையை முழுக்கப் படித்தார்கள். 2022இல் நேச்சர் மைக்ரோபயாலஜியில் முடிவு வந்தது. எல்லோரும் எதிர்பார்த்த மாதிரி, மாட்டிடமிருந்து மனிதருக்கு அருவி மாதிரி கிருமி கொட்டவில்லை. மனிதருக்கும் விலங்குக்கும் இடையே பகிர்வு நடக்கிறது, ஆனால் குறைவாக. தெளிவாகத் தெரிந்தது வீடுதான்: ஒரு வீட்டுக்குள் இருப்பவற்றின் கிருமிகள் ஒன்றையொன்று ஒத்திருந்தன. எந்தெந்த மருந்துக்கு மசிவதில்லை என்ற பட்டியலோ வேறு விதமாகப் பரவியிருந்தது. ஒரே மாதிரியான மருந்துகளுக்கு ஆட்பட்டதுதான் அதற்குக் காரணமாக இருக்கும் என்றார்கள்.

இதை நான் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். என் சண்டைக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது என்பதும் ஒரு காரணம். மாடு மனிதருக்குக் கொடுத்ததா, மனிதர் மாட்டுக்குக் கொடுத்தாரா என்று விசாரணை நடத்திக்கொண்டிருக்கிறோம். இரண்டு பேரும் ஒரே தண்ணீரைக் குடிக்கிறார்கள், ஒரே மண்ணில் மிதிக்கிறார்கள், ஒரே மெடிக்கலின் மருந்தைத் தின்கிறார்கள். அந்த வீட்டுக்குள் வெளியிலிருந்து என்ன வருகிறது என்பதல்லவா கேட்க வேண்டிய கேள்வி?

வெளியே போனால் தெரிவது டன் கணக்கு. கொலிஸ்டின் என்று ஒரு பழைய மருந்து. சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று 1970களில் மருத்துவர்கள் ஓரம்கட்டி வைத்தார்கள். பின்னால் மற்ற மருந்துகளெல்லாம் தோற்க ஆரம்பித்தபோது, ஐசியூவில் வேறு வழியே இல்லாத நோயாளிக்குக் கடைசி மருந்தாகத் திரும்பி வந்தது. மனிதருக்கு வேண்டாமென்று அது ஓரமாகக் கிடந்த காலத்திலேயே பன்றிக்கும் கோழிக்கும் மூட்டைக்கணக்கில் போய்க்கொண்டிருந்தது. 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள், கொலிஸ்டினைச் சமாளிக்கும் ஒரு மரபணு பிளாஸ்மிட்டில் ஏறிப் பயணம் செய்வதைக் கண்டுபிடித்து எம்சிஆர்-1 என்று பெயர் வைத்தார்கள். வெட்டப்பட்ட பன்றிகளில் எடுத்த ஈ.கோலைகளில் 21 சதவீதத்தில் அது இருந்தது. கடையில் விற்ற பச்சை இறைச்சியில் 15 சதவீதம். மருத்துவமனை நோயாளிகளிடம் 1 சதவீதம். எங்கே பிறந்து எங்கே நடந்துவருகிறது என்பது அந்த மூன்று எண்களிலேயே தெரிகிறது.

சீனா என்ன செய்தது? போஸ்டர் ஒட்டிக்கொண்டு காத்திருக்கவில்லை. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதை 2017இலிருந்து தடை செய்தது. தீவனத்துக்கான கொலிஸ்டின் கலவையின் உற்பத்தி 2015இல் 27,170 டன். 2018இல் 2,497 டன். பன்றிகளில் எம்சிஆர்-1 குறைந்தது, மனிதர்களிலும் குறைந்தது. எத்தனை கோடிக் குடியானவர்களுக்கு வகுப்பெடுத்தால் இது நடந்திருக்கும்? இந்தியாவும் 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கும் கோழிக்கும் மீன் பண்ணைக்கும் தீவனத்துக்கும் கொலிஸ்டினைத் தடை செய்தது. நல்ல வேலை. ஆனால் அதுவரை பல்லடம் பக்கமோ நாமக்கல் பக்கமோ ஷெட் போட்டுக் கோழி வளர்த்தவரிடம் போய், ‘இந்தத் தீவனத்தில் என்ன கலந்திருக்கிறது?’ என்று கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்குமா? கறிக்கோழியில் பெரும்பாலும் ஒப்பந்த முறை. குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, மருந்தும் கம்பெனியுடையது. ஷெட்டும் கரண்ட் பில்லும் தூக்கம் கெடுவதும் இவருடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. கோழி எருவை லாரியில் ஏற்றி வயலுக்கு விற்கிறார்கள். குடல் கிருமியும் சேர்ந்தே ஏறுகிறது. அந்த வயல் கீரை என் வீட்டுக்கும் வருகிறது, உங்கள் வீட்டுக்கும் வருகிறது.

தண்ணீரைப் பற்றி ஒரு பழைய அவமானத்தை நினைவுபடுத்த வேண்டும். 2010இல் என்டிஎம்-1 என்ற நொதியைப் பற்றிய கட்டுரை லான்செட்டின் தொற்றுநோய் இதழில் வந்தது. கார்பபெனெம் எனும் வலுவான மருந்து வகையையே உடைத்துப்போடும் நொதி. கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் சேகரித்த மாதிரிகள் அதில் முக்கியமானவை. அந்த ‘என்டி’ என்பது நியூடெல்லி. நாடே கொதித்தது, மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கச் சதி என்றார்கள். அடுத்த வருடம் டெல்லியின் தெருவோரத் தேங்கு நீரில் 171 மாதிரியும் குழாய்த் தண்ணீரில் 50 மாதிரியும் எடுத்துப் பார்த்ததில், தேங்கு நீரில் 51இலும் குடிக்கிற தண்ணீரில் 2இலும் அந்த மரபணு இருந்தது. பெயருக்குக் கோபப்பட்டதில் பாதி, சாக்கடைக்குக் கோபப்பட்டிருக்கலாம்.

மருந்து தயாராகும் இடம் இன்னும் மோசம். ஹைதராபாத் அருகே பட்டன்செருவில், சுமார் 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் ‘சுத்திகரித்து’ வெளியே விடும் நிலையத்தின் தண்ணீரை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2007இல் அளந்தார்கள். லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது. அந்த மாத்திரையைச் சாப்பிட்ட நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். 2020 ஜனவரியில் மத்திய அரசு, தொழிற்சாலைக் கழிவில் எந்த ஆன்டிபயாடிக் எவ்வளவு இருக்கலாம் என்று எண் போட்டு ஒரு வரைவு வெளியிட்டது. 2021இல் இறுதி அறிவிப்பு வந்தபோது அந்த எண்களைக் காணவில்லை. மெடிக்கலுக்கு ஹெச்1 நோட்டு இருக்கிறது. அந்த ஆற்றுக்கு நோட்டு இல்லை.

2018இல் பீட்டர் காலிக்னன் குழு பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தது. சுகாதார வசதி உள்ளிட்ட கட்டமைப்பும் ஊழல் குறைந்த நிர்வாகமும் உள்ள நாடுகளில் மருந்துக்கு மசியாத கிருமி குறைவு. மக்கள் எவ்வளவு ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறார்கள் என்பதற்கும் அதற்கும், நாடுகளை ஒப்பிடும்போது, குறிப்பிடத்தக்க தொடர்பு தெரியவில்லை. இதை வைத்துக்கொண்டு இஷ்டத்துக்கு மாத்திரை விழுங்கலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். மருந்து கிருமியைத் தேர்ந்தெடுக்கிறது, சாக்கடை அதை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் பேசுவது மலிவு. போஸ்டருக்குக் காகிதச் செலவு, சாக்கடைக்குப் பட்ஜெட்.

எதிர்ப்பக்கத்து ஆட்களையும் விட்டுவைக்க மனசில்லை. ‘அதான் நாங்க நாட்டுக்கோழி மட்டும்தான் சாப்பிடுறோம், நாட்டு மாட்டுப் பால்தான் குடிக்கிறோம்’ என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. இந்த இதழை வாசிக்கிறவர்களிலும் இருப்பார்கள். பாட்டில் பால் லிட்டர் நூற்றுச் சொச்சம். அதில் தாத்தாவின் தொழுவ வாசம் வருகிறது என்று கவிதைகூட எழுதுகிறார்கள். கிருமிக்கு இனப்பற்று கிடையாது. நாட்டுக்கோழி ஊர் முழுக்க மேய்ந்துவிட்டுத்தான் கூடடைகிறது. அது கொத்துகிற சாக்கடையும் உங்கள் அபார்ட்மென்ட் சாக்கடையும் ஒன்று. வேலி போட்ட தூய்மை என்று ஒன்றைக் காசு கொடுத்து வாங்க முடியும் என்று நீங்கள் நம்புகிறீர்கள். வேலிக்குள் இருக்கும் ஆயாதான் அழுக்கு என்று போஸ்டர் நம்புகிறது. இரண்டும் ஒரே நம்பிக்கை. பயமுறுத்தவும் விரும்பவில்லை: 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க எடுத்த 6,432 பால் மாதிரிகளில் அளவுக்கு மேல் ஆன்டிபயாடிக் இருந்தது 77இல். நாம் பாலைக் காய்ச்சித்தான் குடிக்கிறோம், கறியை வேகவைத்துத்தான் தின்கிறோம், கிருமி செத்துப்போகும். ஆபத்து தட்டில் குறைவு. கோழி அறுத்த பலகையில், அள்ளிய கையில், சாணியில், எருவில், கிணற்றில்தான் அதிகம். அதாவது சாப்பிடுகிறவருக்கு முன்னால் வேலை செய்கிறவருக்கு. அவர் பெரும்பாலும் ஒரு பெண்.

அந்தப் பெண்ணின் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். எங்கள் வீட்டிலும் மாடு நிற்கிறது என்பதால் எனக்கு இது மனப்பாடம்.

மடிநோய் வந்துவிட்டது. டாக்டரே வந்து, சரியான மருந்தை, சரியான அளவில் காம்புக்குள் ஏற்றுகிறார். மூன்று நாள். அதற்குப் பிறகு மருந்து பாலில் இறங்கி முடியும்வரை பாலை விற்கக் கூடாது என்று மருந்துக் குழாயின் மேலேயே போட்டிருக்கும். மூன்று நாள், நாலு நாள், மருந்தைப் பொறுத்து. நாலு என்று வைப்போம். ஆக மொத்தம் ஏழு நாள். நோய் நேரத்தில் கறவை குறையும், ஒரு நாளைக்கு ஆறு லிட்டர். 42 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்றால் 1,470 ரூபாயைக் கொல்லையில் கொட்ட வேண்டும். கன்றுக்கும் ஊட்டக் கூடாது, அதன் குடலிலும் இதே பாடம்தான் நடக்கும். கிராமத்துச் சொசைட்டியில் பொதுவாக அளப்பது கொழுப்பும் எஸ்என்எஃப்பும். அதற்குத்தான் காசு. மருந்து இருக்கிறதா என்று கேனுக்குக் கேன் அங்கே பார்ப்பதில்லை. கொட்டியதற்கு நஷ்டஈடும் இல்லை, கொட்டியதை எழுதிக்கொள்ள ஒரு நோட்டும் இல்லை. நேர்மையாக இருப்பவருக்கு 1,470 ரூபாய் அபராதம், இல்லாதவருக்கு வழக்கம்போல வாராந்திரப் பட்டுவாடா. இந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் போய் ‘விழிப்புணர்வு’ என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது.

தஞ்சாவூர்ப் பக்கம் கால்நடைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி பல வருடமாக ஒரு வைத்தியத்தைச் சொல்லிக்கொடுத்து வருகிறார். சோற்றுக்கற்றாழை, மஞ்சள்தூள், கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து அரைத்து, மடியைக் கழுவிவிட்டு ஒரு நாளைக்குப் பல தடவை தடவுவது. தேசிய பால்வள வாரியமும் இதைப் பரப்புகிறது. எல்லா மடிநோய்க்கும் இது போதும் என்று நான் சொல்லமாட்டேன். காய்ச்சலோடு மாடு படுத்துவிட்டால் டாக்டரும் ஊசியும்தான் வேண்டும். ஆனால் ஆரம்பத்திலேயே பிடித்தால் பல நேரம் ஊசி வரை போக வேண்டியதில்லை. எங்கள் அம்மா இதை வாட்ஸ்அப்பில் கற்றுக்கொண்டாள். ‘மஞ்சக் கறை போகமாட்டேங்குது’ என்பதைத் தவிர அவளுக்கு வேறு புகார் இல்லை. பழைய அறிவு மகத்தானது என்று இங்கே ஒரு பத்தி எழுதலாம், எழுதப்போவதில்லை. அம்மாவுக்கு அது பிடித்திருப்பதற்குக் காரணம் வேறு: அந்த ஏழு நாளும் பால் ஊற்றலாம்.

அதனால் என் கோரிக்கைகள் ரொம்பச் சாதாரணமானவை. வைத்தியம் பார்க்கிற ஏழு நாளும் அந்த 42 லிட்டரைச் சொசைட்டி தனி கேனில் அளந்து வாங்கட்டும். காசைக் கொடுத்துவிட்டுக் கொட்டட்டும். அந்தச் செலவைத் தீவனக் கம்பெனியிடமும் மருந்துக் கம்பெனியிடமும் டன்னுக்கு இவ்வளவு என்று வரியாக வசூலிக்கட்டும். பத்துக் கோழிக்கான தடுப்பூசிக் குப்பி ஒன்று பஞ்சாயத்து ஃப்ரிட்ஜில் வருடம் முழுக்க இருக்கட்டும். 2021இல் காணாமல்போன எண்களைத் தேடி எடுத்து அரசிதழில் திரும்பப் போடட்டும். இதெல்லாம் முடிந்த பிறகும் காப்ஸ்யூல் கேட்டு ஆயா மெடிக்கலுக்கு வந்தால், அப்போது போஸ்டர் ஒட்டுங்கள். பசை நான் வாங்கித் தருகிறேன்.